மூச்சைப் பிடிங்க

"அந்தம்மா என்கிட்ட மறைச்சுட்டாங்க, மேடம்."

டாக்டர் அருணகிரி வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்த டாக்டர் ஜெசிந்தாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு குருதான்.

"யாரு சார்?"

"முப்பிடாதியம்மாள். இதய ஆபரேஷன் பண்ணினா கிட்னி தாங்குமான்னு பாக்க அனுப்பினாங்க. பாத்தேன், கிட்னி ரத்தக்குழாயோட எதிர்ப்பு எண் புள்ளி ஆறு ஆறு. புள்ளி ஏழைத் தாண்டினாத்தானே பயம்? தாங்கும்னு எழுதிக் கொடுத்தேன்."

"தாங்கலையா?"

"மூணாம் நாள் சிறுநீர் நின்னுபோச்சு. ஒன்பதாம் நாள் போயிட்டாங்க."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வருத்தப்படுவதைவிடக் கோபப்படுவது சுலபம். அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் அவங்க மகன் சொல்றார், 'மூணு வருசமா முட்டு வலிக்குத் தினம் மாத்திரை முழுங்கிக்கிட்டு இருந்தாவ சார்'னு. வலி மாத்திரை கிட்னியை என்ன பண்ணும்னு நமக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொல்லியிருப்பேனே!"

ஜெசிந்தா ஸ்கேன் கட்டிலைக் காட்டினார்.

"படுங்க சார்."

"நானா?"

"சட்டையைத் தூக்குங்க."

ஜெல் சில்லென்று விலாவில் பட்டது. அருணகிரிக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"மேடம், இந்தப் பக்கம் எனக்கு ஒரு கல்லு..."

"மூச்சைப் பிடிங்க. பேசாதீங்க, படம் ஆடும்."

பிடித்தார். அவருடைய ரத்தம் ஓடுகிற சத்தம் மெஷினிலிருந்து உஷ் உஷ் என்று கேட்டது.

"விடுங்க."

"இல்ல, போன வருசம்..."

"பிடிங்க."

இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை அவர் வாயே திறக்கவில்லை.

ஜெசிந்தா துடைத்துக்கொள்ள டிஷ்யூ கொடுத்தார். ஒரு தாளை நீட்டினார்.

"புள்ளி ஆறு நாலு. நல்லாயிருக்கு. வெளிய இருக்கிறவங்களை வரச் சொல்லுங்க."

அருணகிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவு வரை போனார். கைப்பிடியில் கை வைத்தவர் திரும்பினார்.

"நான் ஒண்ணு சொல்ல வந்தேன்..."

"அதான் ரிப்போர்ட் வந்துருச்சே சார்."

வைத்த கை அப்படியே நின்றது.

அது அருணகிரியே நோயாளிகளிடம் வழக்கமாகச் சொல்வதுதான், ஒரு வார்த்தை மாறவில்லை. முப்பிடாதியம்மாளும் கதவைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் திரும்பினார். "டாக்டரய்யா, ஒரு விசயம்..." என்றார். இவர் கையெழுத்துப் போட்டபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல் அதைச் சொன்னார். அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அருணகிரி அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு நீங்க ஊர்லயே இல்லையே."

"என்கிட்ட அப்படிக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்ன நோயாளி பேரு சுடலைமுத்து," என்றார் ஜெசிந்தா.