பூமயிலுக்கு வலி நின்ற நாள்

திசையன்விளைப் பக்கம் ஞானதிரவியம் டாக்டரைக் கைராசிக்காரர் என்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இரண்டு கவளம் கூட இறங்கும். ஆனாலும் ஐம்பத்தெட்டு வயதில், தன்னைவிட இருபது வயது சிறியவரான அறுவை மருத்துவர் ஜுலைகாவிடம் புதன்தோறும் பாடம் கேட்கப் போவார். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

இந்தப் புதன்கிழமை ஒரு நோயாளியோடு போனார்.

பூமயிலுக்கு எழுபத்தொரு வயது. பித்தப்பையில் கல். ஆபரேஷன் என்றாலே அலறுவாள். அவரும் மூன்று வருஷமாக ஊசி போட்டே ஓட்டிவிட்டார். போன வாரம் வலி பட்டென்று நின்றது. பலாப்பழத்தோடு வந்து கும்பிட்டாள். ஐந்தாம் நாள் வயிறு உப்பி, பச்சை பச்சையாக வாந்தி எடுத்தாள்.

ஜுலைகா ஸ்கேன் படத்தைப் பார்த்தார். தாமதிக்காமல் வயிற்றைத் திறந்தார். சிறுகுடல் முடிகிற குறுகலில் நெல்லிக்காய் அளவு கல் அடைத்திருந்தது. அதை எடுத்துவிட்டுக் குடலைத் தைத்தார். கையுறை மாட்டிப் பக்கத்தில் நின்ற ஞானதிரவியம் கேட்டார்.

"பித்தப்பைக் கல் இங்க எப்படி மேடம் வந்துச்சு?"

ஜுலைகா அவர் விரலைப் பிடித்து, பித்தப்பையும் குடலும் ஒட்டிக் கிடந்த இடத்தில் வைத்தார்.

"வருஷக்கணக்கா புண்ணாகி ஒட்டியிருக்கு. கல் அரிச்சு ஓட்டை போட்டிருக்கு."

"அதை அடைச்சிரலாமா?"

"இன்னைக்கு இவங்க தாங்க மாட்டாங்க. ஓட்டை எப்ப விழுந்திருக்கும், சார்?"

அவர் நாள்களை எண்ணிப் பார்த்தார்.

"வலி நின்ன அன்னைக்கு."

"அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

"பலாப்பழத்தை வாங்கி வச்சேன்."

ஜுலைகா கல்லைக் கழுவி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

மூன்றாம் நாள் இரண்டு டாக்டர்களும் கட்டிலருகே நிற்க, பூமயில் தெளிவாகப் பேசினாள்.

"அன்னைக்கு ஒங்க ஊசியிலதான் டாக்டரய்யா வலி நின்னுச்சு. எங்க தெரு சொர்ணத்துக்கும் இதே கல்லுதான். ஒங்ககிட்டதான் போவச் சொல்லியிருக்கேன்."

உண்மையைச் சொன்னால் கைராசி அன்றோடு போச்சு. ஆனாலும் ஞானதிரவியம் சட்டைப்பையிலிருந்து கல்லை எடுத்துக் காட்டினார்.

"ஊசியால இல்லம்மா. இது பித்தப்பையைத் துளைச்சுக் குடலுக்குள்ள இறங்குனதாலதான் வலி நின்னுச்சு. நான் கவனிக்காம விட்டுட்டேன்."

பூமயில் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அப்போ சொர்ணம்?" என்றாள்.

அவர் ஜுலைகா பக்கம் திரும்பினார்.

"வலி நின்னுட்டுன்னு அவளும் வந்து நின்னா, நான் என்ன செய்யணும் மேடம்?"

"முதல்ல கல் எங்க இருக்குன்னு பாருங்க, சார். பழத்தை அப்புறம் வாங்கிக்கலாம்."