செவலை சொன்ன ஒரு பொய்

அந்தக் காலத்தில் கோழிகளுக்குப் பேச்சு இருந்தது. ஒரே முற்றத்தில் நாலைந்து சேவல்கள் சண்டையில்லாமல் மேயும். வீராயி வீட்டில் அப்படி இரண்டு சேவல்கள் இருந்தன. ஒரே தாய் பொரித்த அண்ணன் தம்பி. மூத்தவன் செந்நிறம், பெயர் செவலை. இளையவன் சாம்பல் நிறம், அவனைப் பூதி என்பார்கள்.

இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவன் கோழிகளோடு தரையில் கிளறுவான். மற்றவன் குப்பைமேட்டின் மேல் ஏறி நின்று வானத்தைப் பார்ப்பான். வல்லூறு தெரிந்தால் ஒரு குரல் கொடுப்பான். அந்தக் குரல் கேட்டதும் கோழிகளும் குஞ்சுகளும் வேலிக்கடியில் புகுந்துகொள்ளும். யார் எப்போது மேட்டில் நிற்பது என்பதை அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கோழிகளுக்கு அது தெரியாது. அவை குனிந்த தலை நிமிராமல் மேயும்.

ஓர் ஆண்டு மழை பொய்த்தது. சோளம் கதிர் விடாமல் கருகியது. வீராயி தன் கஞ்சியில் பாதியைக் கோழிகளுக்கு ஊற்றிவந்தாள். பிறகு அவளுக்கே கஞ்சி இல்லை.

"நான் என்ன செய்வேன் சாமிகளா. எதையாவது கிளறித் தின்னு உசிரு பிழைங்க. குஞ்சுகளை மட்டும் விட்டுராதீங்க" என்றாள்.

குஞ்சுகள் மூன்றே மூன்று. புள்ளிக்கோழி பொரித்தவை. மற்ற கோழிகள் எல்லாம் முட்டையிடுவதை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது.

அன்று காலை செவலையின் முறை. பூதி கோழிகளை வேலிக்குள்ளேயே, காய்ந்த குளத்துப் பக்கமாகக் கூட்டிப்போயிருந்தான். செவலை மேட்டில் நின்றான். மூன்று நாளாக அவன் வயிற்றில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் பின்பக்கம் விழுந்து கிடந்த பனையைப் பார்த்தான். மரம் வெடித்து, வெடிப்பு முழுக்க வெள்ளையாய்க் கறையான் நெளிந்தது.

கூப்பிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு வாய்கூடத் தேறாது. 'கொஞ்சமாத் தின்னுட்டு ஏறிடலாம்' என்று நினைத்து இறங்கினான். தின்னத் தின்னப் பசி கூடியது. தலையைத் தூக்கவே இல்லை.

புள்ளிக்கோழி அலறிய பிறகுதான் தூக்கினான்.

அந்தப் பஞ்சம் வானத்திலும் இருந்தது. வல்லூறுகள் ஜோடியாக இறங்கியிருந்தன. பூதி ஒன்றின் மேல் பாய்ந்து மார்பால் முட்டினான். அது அவன் இறக்கையைக் கிழித்துப்போட்டது. இரண்டு குஞ்சுகள் ஒரே நேரத்தில் போயின. மூன்றாவதையும் ஒரு வல்லூறு திரும்பி வந்து கொண்டுபோயிற்று. செவலை ஓடிவந்து சேர்ந்தபோது தரையில் மஞ்சள் பூஞ்சிறகு கொஞ்சம் ஒட்டிக்கிடந்தது.

புள்ளிக்கோழி நிமிர்ந்து இரண்டு சேவல்களையும் பார்த்தது.

"காவல் யாரு?"

"பூதிதான்" என்றான் செவலை. "இன்னைக்கு அவன் முறை."

பூதிக்கு முதலில் விளங்கவில்லை. "என்னண்ணே சொல்றே?" என்றான். அண்ணனின் அலகில் கறையான் மண் ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகு விளங்கியது. "அண்ணே, உன் முறைண்ணே. நீதானே மேட்டுல நின்னே?"

"பொய் சொல்லாதே" என்றது புள்ளிக்கோழி. "மேட்டுல நிக்க வேண்டியவன் எங்ககூடக் கீழே கிளறிக்கிட்டு இருந்தே. உன்னைத்தானே நான் பக்கத்துல பார்த்தேன்!"

பூதி அவர்கள் பக்கத்தில்தான் இருந்தான். அவர்களுக்காகத்தான் இறக்கையும் போயிருந்தது.

அதுவரை எந்தக் கோழியும் இன்னொரு கோழியைக் கொத்தியதில்லை. முதல் கொத்து புள்ளிக்கோழி கொத்தியது. ரத்தம் கண்டதும் மற்றவையும் கொத்தின. தலையில், கழுத்தில், கிழிந்த இறக்கையில். கொத்திக் கொத்தி அவனை வேலிக்கு வெளியே பொட்டல் காட்டுக்குத் துரத்தின. செவலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் தன் கால்நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பூதி கூப்பிட்டான். "அண்ணே, ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லுண்ணே. நான் உள்ள வந்துடுறேன்."

செவலை மேட்டில் ஏறி நின்றுகொண்டான். பொழுது சாயும் நேரம் வானத்தில் வல்லூறு புள்ளியாய்த் தெரிந்தது. செவலை தொண்டை கிழியக் கத்தினான். கோழிகள் வேலிக்கடியில் புகுந்தன. ஒளிய நிழலில்லாத பொட்டலில் பூதி மட்டும் ஒற்றை இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடினான். நாலடி ஓடியிருப்பான்.

செவலை கீழே வந்து எல்லாவற்றையும் சொன்னான். பனையைச் சொன்னான், கறையானைச் சொன்னான், பொய்யைச் சொன்னான். என்னையும் கொத்துங்கள் என்று தலையைத் தாழ்த்தினான். யாரும் கொத்தவில்லை.

"கேட்டப்ப சொல்லலையே" என்றது புள்ளிக்கோழி. அவ்வளவுதான் சொன்னது. அதன் பிறகு அவன் பக்கம் அது திரும்பவே இல்லை.

ஐப்பசியில் மழை வந்தது. செவலை இளைத்து எலும்பாகியிருந்தான். ஒண்டியாளாய் இவன் எத்தனை நாள் காப்பான் என்று வீராயி பக்கத்து ஊரிலிருந்து ஓர் இளஞ்சேவலை வாங்கி வந்து முற்றத்தில் விட்டாள். அது அருகில் வந்து, "அண்ணே" என்றது.

அந்த முகம் பூதியின் முகமாக இருந்தது. செவலை அலறிக்கொண்டு அதன்மேல் பாய்ந்து காலால் அடித்தான். வீராயி குறுக்கே விழுந்து பிரித்தாள். அவள் கையிலும் ரத்தம். அடுத்த வாரம் வேறொரு சேவல் கொண்டுவந்தாள். அதற்கும் அதே கதிதான்.

"ஏன்டா இப்படிப் பண்றே? நீயே செத்துப்போவேடா" என்று அழுதாள்.

செவலையிடம் இரண்டு குரல்கள்தாம் மிச்சம் இருந்தன. தீனி கண்டால் ஒன்று, வல்லூறு கண்டால் ஒன்று. வேறு பேச்சு எதுவும் அவன் வாயில் வரவில்லை.

அன்று பிடித்ததுதான், இன்றுவரை ஒரு முற்றத்தில் இன்னொரு சேவலின் முகத்தைப் பார்க்கச் சேவலால் முடிவதில்லை. கோழிகளும் இளைத்த கோழி எது என்று பார்த்துக் கொத்துவதை விடவில்லை. சேவல் ஒரு கண்ணைத் தரையிலும் ஒரு கண்ணை வானத்திலும் வைத்துக்கொண்டு நடக்கிறது. புழு கிடைத்தால் விழுங்காமல் எடுத்து எடுத்துக் கீழே போட்டுக் கோழிகளைக் கூப்பிடுகிறது. அவை ஓடிவந்து தின்றுவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமலே போய்விடுகின்றன.