பாயாகப் போன நான்கு இதழ்கள்

அந்தக் காலத்தில் ஆடு வாயைத் திறந்தால் பேச்சும் வரும், பொய்யும் வரும். கடலோரத்து வறண்ட குன்றில் நின்ற ஓரிதழ்த் தாமரைக்கு அப்போது அந்தப் பெயரே கிடையாது. அதற்கு ஐந்து இதழ்கள்; ஒவ்வொன்றும் வீட்டுக் கதவு அகலம். வெயிலுக்கு ஆள் ஒதுங்கலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குன்றின் அடிவாரத்தில் நீலம்மை இருந்தாள். புருஷன் சங்கன் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். பாய்த்துணி விறைப்பாக நின்று காற்றைப் பிடிக்கட்டும் என்று அதைக் கஞ்சியில் தோய்த்துக் காயவைப்பார்கள். நீலம்மையின் கைக்கு ஒரு பழக்கம். கஞ்சியைக் கண்டால் உப்பைப் போட்டுவிடும். அன்றும் போட்டுவிட்டது. அந்தப் பாயைக் குன்றில் விரித்துவிட்டு வந்தாள். பக்கத்தில்தானே என்று சங்கன் வெறும் துடுப்போடு கடலுக்குப் போய்விட்டான்.

மத்தியானம் பாயை எடுக்க ஏறியவள் கடலைப் பார்த்தாள். நீரோட்டம் சங்கனை இழுத்துக்கொண்டு போகிறது. கட்டுமரம் கடுகளவு தெரிகிறது. கரையில் அவள் தம்பியின் கட்டுமரம் பாயில்லாமல் கிடந்தது. ஆனால் துடுப்புப் போட்டு அவ்வளவு தூரம் எட்ட முடியாது, பாய் வேண்டும். திரும்பினாள். பாய் கிடந்த இடத்தில் வெள்ளாடு ஒன்று அசைபோட்டுக்கொண்டு நின்றது.

“உப்பு ஒரு கல் கூடிப்போச்சு, நீலம்மை” என்றது.

அதை அடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பூவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அழுதா ஆளு திரும்புவானா, பிள்ளே? என் இதழைப் பிய்ச்சுத் தை” என்றது பூ.

“ஒனக்கு வலிக்குமே, அம்மை.”

“வலிக்கும். சீக்கிரம் பிய்.”

நான்கைப் பிய்த்தாள். ஐந்தாவதில் கை வைக்க மனசு வரவில்லை. வலைநூலால் தைத்துத் தம்பியிடம் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் அந்த ரோஜா நிறப் பாய் சங்கனைக் கரை சேர்த்துவிட்டது.

நீலம்மை தையலைப் பிரித்து, இதழ்களோடு ஒரு குடம் நல்ல தண்ணீரும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். உப்புக்காற்றில் நான்கும் வெற்றிலை அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தன. அவளுக்குத் தலை நிமிரவில்லை.

“ஆளு முழுசா வந்தானா? அது போதும். இருக்கிறதை ஒட்டு” என்றது பூ.

ஒட்டினாள். குடத்து நீரை வேரில் ஊற்றினாள். அதற்குள் உப்பு வாசனை பிடித்துக்கொண்டு ஆடு வந்துவிட்டது. பூ சட்டென்று நகத்தளவுக்கு ஒடுங்கிப் புல்லுக்குள் ஒளிந்தது. இன்னும் வெளியே வரவில்லை.

அதற்கு ஓர் இதழ் பெரிதாகவும் நான்கு பொடியாகவும் இருப்பது அன்று முதல்தான். அந்தக் கரைப் பெண்கள் குன்றேறும்போது அதை மிதிக்காமல் சுற்றிப் போய், குடத்திலிருந்து ஒரு கை நீர் தெளிப்பதும் அன்று முதல்தான்.