காத்தாயியின் முள்வார்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கழுதைகள் பேசின, ராஜாக்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள் என்று சொல்கிறார்களே, அந்தக் காலத்தில், பனிமேடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ஆறு மாசம் வெயில், ஆறு மாசம் பனி. பனி என்றால் நம் மார்கழியில் புல் நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போகிற பனி என்று நினைத்துவிடாதீர்கள். பாதை முழுக்கக் கல்லாக இறுகி, கால் வைத்தவனை இடுப்பொடிய உட்கார வைக்கிற பனி அது.

அந்த நாட்டில் வீரணன், காத்தாயி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் லாடம் அடிக்கிற தொழில். வீரணன் கை வைத்தால் ஆணி அசையாது. காத்தாயியோ குளம்பைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவாள், சத்தத்தைக் கேட்டே "இது நல்ல குளம்பு, இதுக்குள்ளே புண் இருக்கு" என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட காது அவளுக்கு.

அவர்கள் ஊருக்கு உயிரே நடுத்தெருவில் இருந்த வெந்நீர் ஊற்றுதான். மலை உச்சியில் குடியிருந்த சில்லிமாயன் என்ற மந்திரவாதிக்கு அதைக் கண்டால் வயிற்றெரிச்சல். ஒரு நாள் மேலிருந்து ஃபூ என்று ஊதினான். ஊற்று உறைந்து போனது. குழந்தைகளின் உதடெல்லாம் நீலம் பாரித்தது. ஊரே மலையடிவாரத்தில் நின்று கதறியது.

"என் மண்டபத்தின் அந்தக் கோடியில ஒரு வெண்கல மணி தொங்குது," என்றான் அவன். "வாசல்லேருந்து விழாம நடந்துபோய் அதை அடிங்க, ஊத்து உங்களுக்கு. முட்டி தட்டினாலும், கை ஊணினாலும், குந்த வெச்சு உட்கார்ந்தாலும் விழுந்ததுதான். விழுந்தா பனிச்சிலை. யாராவது மணியை அடிச்சா சிலையும் உருகும். மூணாம் நாள் பொழுது சாய்ஞ்சா அப்புறம் எந்தக் காலத்துலயும் உருகாது."

மூன்று பேர் கிளம்பினார்கள். மலையைப் பிடித்துத் தள்ளுவேன் என்ற பயில்வான் ஒருவன். கயிற்றின்மேல் ஓடுகிற கழைக்கூத்தாடிப் பெண் ஒருத்தி. மூன்றாவது ஆள் நம் வீரணன். தன் சப்பாத்தின் அடியில் பதினாறு லாட ஆணிகளைத் தலைகீழாக அடித்து இறுக்கிக்கொண்டிருந்தான்.

காத்தாயி அவனுக்காக வேறொன்று செய்து வைத்திருந்தாள். காலுக்கு ஒரு தோல் வார், அதில் ஆறு இரும்பு முள். மாட்டு நரம்பை முறுக்கி ஓரத்தில் தைத்திருந்ததால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கிக் காலைக் கவ்விக்கொள்ளும். சப்பாத்தின்மேல் அப்படியே மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். முள்வார் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தாள்.

வீரணன் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "லாடம்னா அடிக்கணும்டி. நினைச்சா மாட்டி நினைச்சா கழட்ட இது என்ன கொலுசா?" பட்டறையில் இருந்தவர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

காத்தாயிக்கு முகம் சுண்டிப்போனது. "பெரிய இவரு! போங்க, போய் விழுந்து தொலைங்க!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் அவன் ஒரு நிமிஷம் நின்றது அவளுக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, அவன் கூட்டிப்போன கோவேறு கழுதை கறுவாயன் தனியாகத் திரும்பி வந்தது. கறுவாயனுக்குப் பேச்சு வரும். ஆனால் ஒரு தடவை சில்லிமாயனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, 'ஒரு நாளைக்கு மூன்றே பேச்சு' என்று சாபம் வாங்கிக்கொண்டிருந்தது.

"மூணு பேரும் விழுந்துட்டாங்க, காத்தாயி," என்றது. அது முதல் பேச்சு.

நான்தானே விழச் சொன்னேன், என் வாயால் நானேதானே சொன்னேன் என்று காத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். அழுவதற்கு நேரமில்லை. இன்றைக்குப் பொழுது சாய்ந்தால் அவன் அப்படியே கல்லாய்ப் போவான். முள்வாரை மாட்டினாள், சுத்தியலை இடுப்பில் செருகினாள், கழுதையைப் பிடித்துக்கொண்டு மலையேறினாள்.

போகிற வழியெல்லாம் வழுக்குப் பாறை. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள்: "சின்ன அடி, தட்டைப் பாதம், அவசரம் ஆகாது." குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுக்கப் பதித்து, வாத்து நடக்கிற மாதிரி நடந்தாள். முள் பனியில் கறுக், கறுக் என்று இறங்கியது. அவள் ஒரு முறைகூடச் சறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு சந்தேகம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அவர் அடித்த ஆணியும் இப்படித்தானே இறங்கியிருக்கும்? பிறகு ஏன் விழுந்தார்?

கழுதையிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அது, "எனக்குப் பசிக்குது," என்றது. போச்சு, இரண்டாவது பேச்சு. "அட அறிவு கெட்டதே!" என்று அதன் காதைத் திருகினாள். மூன்றாவதையாவது காப்பாற்றலாம் என்று அதன் வாயைத் துண்டால் கட்டினாள். மண்டப வாசலில் சில்லிமாயனைப் பார்த்ததும் கழுதைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. துண்டைக் கடித்துத் துப்பிவிட்டு, "டேய் எருமை மூஞ்சி!" என்றது. மூன்றும் தீர்ந்தது.

மண்டபத்தை ஏறிட்டுப் பார்த்தாள். தரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வெள்ளை, ஒரே பளபளப்பு. கடைக்கோடியில் வெண்கல மணி. பக்கத்தில் ஊஞ்சலில் சில்லிமாயன். மேற்குச் சாளரத்தில் சூரியன் இரண்டு முழம் உயரத்தில் நின்றது. வழியில் மூன்று பனிச்சிலைகள். மணிக்கு மிக அருகில், ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, ஒரு கையை முன்னால் நீட்டியபடி வீரணன் உறைந்திருந்தான்.

"மாமா!" என்று கத்தினாள். ஓடத்தான் தோன்றியது. ஓடவில்லை. சின்ன அடி, தட்டைப் பாதம், அவசரம் ஆகாது.

கறுக், கறுக், கறுக். பத்து அடி நன்றாகப் போனது. பதினோராவது அடியில் முள் இறங்கவில்லை. கிரீச்சென்று அலறிக்கொண்டு கால் தன்பாட்டுக்கு முன்னால் ஓடியது! காத்தாயி காற்றில் கையை வீசித் துழாவினாள். உட்கார்ந்த கோலத்தில் உறைந்திருந்த பயில்வானின் தலை கையில் அகப்பட்டது. அதைக் கட்டிப்பிடித்துத் தொங்கி எப்படியோ நின்றாள்.

"ஆஹா!" என்று ஊஞ்சலில் கைதட்டினான் சில்லிமாயன். "உன் புருஷன் இதையெல்லாம் தம் பிடிச்சுத் தாண்டிட்டான். அங்கே போய்த்தான் சரிஞ்சான். நீ இங்கேயேவா?"

கறுவாயன் வாசலில் தவித்தது. வாயைத் திறந்தது, காற்றுதான் வந்தது. சட்டென்று முன்னங்காலைத் தூக்கி வாசற்படிக் கல்லில் ஓங்கி மிதித்தது. ணங்! பிறகு வெளியே இறங்கிப் பனியில் மிதித்தது. பொத்! மறுபடி கல்லில், ணங்! மறுபடி பனியில், பொத்!

காத்தாயியின் காது விடைத்தது. குனிந்து, தன் காலடியைச் சுத்தியலால் தட்டினாள். ணங். ஒரு சாண் பின்னால் தட்டினாள். பொத்.

அடப்பாவி! பாதி பனிக்கட்டி, பாதி பளிங்குக் கல். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை! பனியில் இறங்குகிற முள், கல்லில் இறங்காது. அதன்மேல் நின்றால் கோலிக்குண்டின்மேல் நிற்கிற மாதிரிதான். முள் இல்லாத சப்பாத்தோ கல்லில் நிற்கும், பனியில் வழுக்கும். பயில்வானிடம் முள் இல்லை. கூத்தாடிப் பெண்ணிடமும் இல்லை. வீரணனிடம் இருந்தது, ஆனால் கழற்ற முடியவில்லை. மாட்டுக்கு அடிக்கிற மாதிரி அடித்துவிட்டு வந்தானே மனுஷன்!

"மன்னிச்சுக்குங்கண்ணே," என்று பயில்வான் தலையில் ஒரு கையை வைத்தாள். ஒற்றைக் காலில் நின்று ஒரு முள்வாரைக் கழற்றினாள். பிறகு மற்றதை. பளிங்கில் சப்பாத்து சொரசொரவென்று பிடித்துக்கொண்டது.

தட்டுவாள். ணங் என்றால் கழற்றுவாள், பொத் என்றால் மாட்டுவாள். பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் ஒற்றைக் காலில் தள்ளாடித் தள்ளாடி மாட்டுவாள். கூத்தாடிப் பெண்ணின் தோள் கிடைத்தது. "கொஞ்சம் பொறுத்துக்க தாயி." சூரியன் ஒரு முழத்துக்கு இறங்கிவிட்டது.

"காத்தாயி!" என்று ஒரு குரல். வீரணன் குரல் அச்சு அசலாக! "என்னால முடியலடி, ஓடி வாடி! பொழுது போயிடும்டி!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கால் துடித்தது. ஆனால் சிலையின் உதடு அசையவில்லை. அசைந்தது சில்லிமாயன் உதடு. "சின்ன அடி," என்றாள் அழுதுகொண்டே. "தட்டைப் பாதம். அவசரம் ஆகாது."

கடைசியில் வீரணன் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். இனி ஒரே ஒரு துண்டுதான் பாக்கி. தட்டினாள். பொத். பனி. முள்வாரை இழுத்து மாட்டினாள். பட்! இடது வாரின் நரம்பு அறுந்து கையோடு வந்தது.

சூரியன் விரற்கடை உயரம்தான் இருந்தது.

"முடிஞ்சுது!" என்று ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான் சில்லிமாயன்.

காத்தாயி புருஷனின் நீட்டிய கையைப் பிடித்தாள். குளிர் எலும்புவரை ஏறியது. "கோபத்துல சொல்லிட்டேன் மாமா," என்றாள். "விழச் சொன்ன வாய்தான் இப்போ கேக்குது. என்னை விழாம பிடிச்சுக்குங்க." வலது காலை முள்ளோடு பதித்து எடை முழுவதையும் அதன்மேல் வைத்தாள். முள் இல்லாத இடதைத் தூக்காமல், தரையோடு தரையாக இழுத்துச் சேர்த்தாள். மறுபடி வலது, மறுபடி இழுப்பு. அவன் கை எட்டும்வரை பிடித்திருந்தாள், பிறகு விட வேண்டியதாயிற்று. மூன்று அடி தனியாக. ஒன்று. இரண்டு. இடது கால் சறுக்கியது, வலது முள் கவ்வி நின்றது. மூன்று.

சுத்தியலை ஓங்கி அடித்தாள். டாண்!

மலை அதிர்ந்தது. "ஐயோ!" என்று சில்லிமாயன் ஊஞ்சலிலிருந்து குதித்தான். எத்தனையோ வருஷமாகப் பறந்தும் ஊஞ்சலில் ஆடியும் பொழுது போக்கியவன், தன் தரையில் கால் வைத்ததே இல்லை. மணிச் சத்தத்தில் மந்திரம் போன பிறகு வைத்தான். சர்ரென்று சறுக்கினான், மண்டபம் முழுக்கச் சறுக்கினான், வாசலில் கறுவாயன் பின்னங்காலால் ஒன்று கொடுத்ததும் மலையின் அந்தப் பக்கம் உருண்டான். எங்கே போய் நின்றான் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பயில்வான் தும்மினான். கூத்தாடிப் பெண் கைகளை உதறினாள். கீழே ஊற்று குபுகுபுவென்று பொங்குகிற சத்தம் மேலே வரை கேட்டது. வீரணன் மெதுவாகக் கண்ணைத் திறந்தான். முதலில் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் வலது காலைப் பார்த்தான்.

"கால்ல என்னடி அது?" என்றான் நடுங்கிக்கொண்டே.

"கொலுசு," என்றாள் காத்தாயி.

வீரணன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, "எனக்கும் ஒரு ஜோடி செஞ்சு தர்றியா?" என்று கேட்டான். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

அன்றிலிருந்து பனிமேட்டில் எல்லா வீட்டு வாசலிலும் ஆளுக்கொரு ஜோடி முள்வார் தொங்கும். வெளியே இறங்கினால் மாட்டுவார்கள், உள்ளே வந்தால் கழற்றுவார்கள். கிளம்பும் முன் நரம்பை ஒரு இழுப்பு இழுத்துச் சோதிப்பார்கள். ராஜா காத்தாயிக்குப் பெரிய பட்டறையும் பன்னிரண்டு ஆட்களும் கொடுத்தார். சாபம் நீங்கிய கறுவாயன் பேச ஆரம்பித்தது, பாருங்கள், அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் நிறுத்தவில்லை. இந்தக் கதையை எனக்குச் சொன்னதும் அதுதான்.