வேதவல்லியின் போனில் பதினாலாயிரம் தெய்வங்கள்

குளித்தலைக்கு மேற்கே காவிரிக்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்தவர் பெயர் மௌனசாமி. அவர் மௌனத்தை விட்டு ஒன்பது வருஷமாகிறது. பெயரை மற்றவர்கள் விடவில்லை.

சீடர்கள் ஏழு பேர். எல்லோரும் ஏறக்குறைய அவர் வயதுக்காரர்கள். ஞானம் தேடி வந்தவர் ஒருவர். மற்ற ஆறு பேரும், வீட்டில் தாங்கள் பேசுவதைக் கேட்க ஆளில்லாமல் வந்தவர்கள். வேதவல்லி அந்த ஆறில் முதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது சாமி முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவளுடைய கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முடிந்ததும் போன் பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த போனில் என்று அவர் யோசிக்கவில்லை. முப்பத்து நாலு வருஷமாக அவர் அப்படித்தான்.

வேதவல்லி கூடையை இறக்கினாள். மஞ்சள் தூள், குங்குமம், அறுகம்புல், வெற்றிலை, இரண்டு வாழைப்பழம், சூடம், ஒரு எலுமிச்சம்பழம். கடைசியாக ஒரு புது போன். அதன் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது.

"இதுக்கு ஒரு பூஜை போடணும் சாமி."

"என்ன ஆச்சு?"

"ஹேங் ஆகுது."

பழைய போனும் இப்படித்தான் நின்று நின்று போனதாம். அதனால் பத்து நாள் முன்னால் இதை வாங்கினாள். பழையதில் இருப்பதெல்லாம் ஒன்று விடாமல் புதுசுக்கு வந்துவிடும் என்று கடைப்பெண் வாக்குக் கொடுத்தாள். வாக்குத் தவறவில்லை. எல்லாம் வந்தது. மூன்றாம் நாள் பழைய போனின் குணமும் வந்து சேர்ந்தது. தொட்டால் யோசிக்கிறது. அது யோசித்து முடிப்பதற்குள் எதற்காகத் தொட்டோம் என்பது இவளுக்கு மறந்துவிடுகிறது.

காரணமும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். எதிர்வீட்டு சரசா. போன் வந்த அன்று வாசலில் நின்றபடி, "புதுசா?" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேதவல்லி அன்றைக்கே போனுக்குச் சந்தனம் வைத்தாள். சந்தனம் சார்ஜ் போடும் ஓட்டைக்குள் போய்க் காய்ந்துவிட்டது. அதைச் சேஃப்டி பின் வைத்துத் தோண்டி எடுக்க ஒரு மத்தியானம் ஆனது.

"போன் நிக்குது. அவ்வளவுதானே. இன்னிக்கே என்ன அவசரம்?" என்றார் சாமி.

வேதவல்லி உட்கார்ந்தாள். குரல் இறங்கியது.

அவளுக்கு ஒரே தங்கை. குமுதவல்லி. புனேயில் இருக்கிறாள். இருவரும் பேசி இரண்டேகால் வருஷமாகிறது. சண்டை சொத்துக்காக இல்லை. தினமும் விடியற்காலை நாலே முக்காலுக்கு வேதவல்லி அனுப்பும் சாமி படங்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் குமுதா எழுதினாள்: அக்கா, படமாவே அனுப்பறியே, நீ எப்படி இருக்கேன்னு ஒரு வரி எழுத மாட்டியா? வேதவல்லி பதிலுக்குச் சூலம் ஏந்திய துர்க்கையை அனுப்பினாள். அதை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. குமுதா அதோடு நிறுத்திவிட்டாள். படம் மட்டும் தினமும் போய்க்கொண்டிருந்தது.

போன மாதக் கடைசியில் திடீரென்று குமுதாவிடமிருந்து ஒரு செய்தி. அவளுக்கு ஒரு ஆபரேஷன். அதற்கு முன்னால் அக்கா முகத்தைப் பார்த்து ஒரு தடவை பேச வேண்டும். ஞாயிறு பதினோரு மணிக்கு வீடியோ காலில் வருகிறேன். போன ஞாயிறு சரியாகப் பதினோரு மணிக்கு வந்தாள். திரையில் பெயர் வந்தது, மணி அடித்தது. வேதவல்லி விரலால் தள்ளினாள், தேய்த்தாள், முந்தானையால் துடைத்துவிட்டுத் தேய்த்தாள். போன் அசையவில்லை. மணி நின்றுபோனது.

சாயங்காலம் இரண்டு வரி வந்தது. நீ எடுக்க மாட்டேன்னு தெரியும். அடுத்த ஞாயிறு ஒரு தடவை கூப்பிடறேன், அதுக்கு மேல தொந்தரவு பண்ண மாட்டேன்.

"அடுத்த ஞாயிறுன்னா?"

"இன்னிக்குத்தான் சாமி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்."

சாமி கீரைக் காம்பைக் கீழே வைத்தார்.

"நீங்களே கூப்பிட்டிருக்கலாமே."

"நான் அக்கா, சாமி."

"சரி. பதிலாவது போட்டீங்களா?"

"போட்டேன். மகாலட்சுமி."

"போச்சா?"

"இன்னும் சுத்திக்கிட்டே இருக்கா."

சாமி போனை வாங்கிப் பார்த்தார். படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தார். அது திறப்பதற்குள் ஒரு கைப்பிடிக் கீரை உருவினார். திறந்தபின் விரலால் மேலே தள்ளினார். பிள்ளையார், முருகன், முருகன், வாராகி, தாமரையில் லட்சுமி, ரோஜாப்பூவுக்குள் பெருமாள், காபிக் கோப்பைக்குப் பின்னால் ஆஞ்சநேயர். எல்லாவற்றிலும் இனிய காலை வணக்கம். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள்.

"எத்தனை பேர்?"

பதினாலாயிரத்துச் சொச்சம் என்றாள் வேதவல்லி. கடைப்பெண் எண்ணிச் சொன்னது. அதோடு விட்டாளா அந்தப் பெண், சூயிங்கம்மை மென்றுகொண்டே, எல்லாத்தையும் டெலிட் பண்ணுங்கம்மா, போன் சரியாயிடும் என்றாளாம். முருகனைக் கட்டை விரலால் அழிக்கச் சொல்கிறாள். கல்யாணப் பத்திரிகையின் மூலையில் பிள்ளையார் இருக்கிறார் என்பதற்காக அதைக்கூடக் குப்பையில் போடாத வீடு வேதவல்லியின் வீடு. பரணில் பத்தொன்பது வருஷப் பத்திரிகைகள் இருக்கின்றன. பழைய காலண்டர்கள் தனிப் பெட்டி.

"தெய்வத்தை அழிக்கலாமா சாமி? நீங்களே சொல்லுங்க."

சாமி எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பூஜை பண்ணிடலாம். பிள்ளையார் பிடிங்க."

வேதவல்லிக்கு நிம்மதி. குருவென்றால் இப்படி இருக்கவேண்டும். வெற்றிலையை விரித்தாள். மஞ்சள் தூளில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூன்று விரலால் கூம்பாகப் பிடித்து உட்கார வைத்தாள். தலையில் அறுகம்புல் செருகிக் குங்குமம் வைத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் பிள்ளையார் வந்துவிட்டார். போனைப் பக்கத்தில் வைத்தாள். எலுமிச்சம்பழத்தை வண்டிக்கு வைப்பதுபோல் சக்கரத்தடியில் வைக்க முடியாததால், எங்கே வைப்பது என்று கொஞ்சம் தடுமாறி, போனின் தலைமாட்டில் வைத்தாள்.

சாமி மந்திரம் சொன்னார். பழம் நைவேத்தியம் ஆனது. சூடம் காட்டி ஆயிற்று. வேதவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முடிந்ததும், அவள் அம்மா செய்தபடியே, போய்ட்டு வாங்கப்பா என்று சொல்லிப் பிள்ளையாரை வடக்குப் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தினாள்.

போனை எடுத்துத் தொட்டாள். யோசித்தது.

மணி பத்து.

வேதவல்லி போனைக் கீழே வைத்தாள். வாய் மட்டும் நிற்கவில்லை. சரசாவைச் சொன்னாள். கடைப்பெண்ணைச் சொன்னாள். நாள் தவறாமல் நாலே முக்காலுக்கு எழுந்து கும்பிட்டவளுக்கு இதுதானா பலன் என்றாள். சொல்லிக்கொண்டே கை தன்பாட்டில் வேலை செய்தது. பிள்ளையாரை உள்ளங்கையில் எடுத்தது, தண்ணீர் விட்டது, குழைத்தது. கொஞ்சம் தாலியில் தடவினாள். மீதியை இரண்டு கன்னத்திலும் பூசித் தேய்த்தாள்.

"முருகனை அழிக்கச் சொல்றாளே, கை வருமா சாமி? ஒரு பொம்பளைக்குக் கை வருமா?"

"வேதாம்மா," என்றார் சாமி, "பிள்ளையார் எங்கே?"

வேதவல்லி வெற்றிலையைப் பார்த்தாள். அறுகம்புல் மட்டும் கிடந்தது. உள்ளங்கையைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அரை நிமிஷம் பேசவில்லை. மடத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

"அது வேற சாமி."

"சரி," என்று சாமி கீரையிடம் திரும்பிப் போனார்.

"அது மஞ்சள்."

"சரி."

"பூஜை முடிஞ்சுது, அவர் போயிட்டார். அவர் போனதுக்கப்புறம் அது வெறும் மஞ்சள்தானே. அதை வச்சுக்கிட்டு என்ன..."

சாமி அடுத்த கீரைக் காம்பை எடுத்தார்.

வேதவல்லி போனை மடியில் வைத்து ஆரம்பித்தாள். முதல் படத்தைக் கண்ணில் ஒற்றி, போய்ட்டு வாங்கப்பா என்று சொல்லி அழித்தாள். இரண்டாவதையும் அப்படியே. பத்து நிமிஷத்தில் இருபத்தாறு தெய்வங்கள் போனார்கள். இப்படியே போனால் அடுத்த ஆடிக்குள் முடிந்துவிடும் என்றார் சாமி, கீரையைப் பார்த்தபடி.

மொத்தமாக அனுப்பலாமா என்று கேட்டாள். ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"வீட்டுல பூஜை அறை இருக்கா?"

"இருக்கு."



எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. போனுக்கே பயம்தான் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, கண்ணை மூடி அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். கண்ட இடத்தில் பதினைந்து தடவை அழுத்தினாள்.

"கையை எடுங்க," என்றார் சாமி.

"நின்னு போச்சு சாமி. பத்தரை ஆயிடுச்சு."

"பதினாலாயிரம் பேர் கிளம்பறாங்க. வாசல் ஒண்ணுதானே. கையை எடுங்க."

வேதவல்லி வாழ்க்கையில் எந்தக் காரியத்திலிருந்தும் கையை எடுத்ததில்லை. அவள் கிண்டாத சாம்பார் இல்லை, பக்கத்து வீட்டு அடுப்பு உள்பட. போனைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பத்தே முக்காலுக்குத் திரை பளிச்சென்று மாறியது. தொட்டாள். உடனே திறந்தது. மூடினாள். உடனே மூடியது. மகாலட்சுமியைப் பார்க்கப் போனாள். அவளும் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

தங்கைக்குச் செய்தி அனுப்பும் பக்கத்தில் அவள் அனுப்பிய படங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது மங்கலான வெறும் கட்டங்கள். மேலே தள்ளினாள். ஒரு கட்டம். ஒரு கட்டம். நடுவில் ஒரு வரி. அதைப் படித்தாள். இன்னும் மேலே தள்ளினாள்.

"என்ன?" என்றார் சாமி.

"சண்டைக்கு முன்னால எழுதினது. நான் பார்க்கவே இல்லை சாமி. விடிஞ்சா என் படம் மேல ஏறி உட்கார்ந்துடும்."

வாசித்தாள். அக்கா, முழங்கால் வலி எப்படி இருக்கு? கீழே கட்டம். அங்கே நல்ல மழையாமே? கட்டம். இன்னிக்கு அம்மா திதி, உன்னை நினைச்சேன். கட்டம். பத்து நாளா எனக்குத் தூக்கமே வரலைக்கா.

அதற்குக் கீழே இருந்த கட்டத்தில் படத்தோடு அனுப்பிய எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. இனிய காலை வணக்கம்.

அதற்கு மேல் அவள் வாசிக்கவில்லை.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. குமுதா என்று வந்தது. வேதவல்லி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தள்ளினாள். போன் இந்தத் தடவை யோசிக்கவில்லை. திரை முழுக்க ஒரு முகம் வந்தது. இளைத்த முகம், சாயம் பூசாத தலை.

அந்த முகம் பேசவில்லை. கண் இமைக்கவில்லை. வேதவல்லியும் பேசவில்லை. முற்றத்தில் ஒரு காக்கை வந்து வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டு, இவள் விரட்டாததை நம்ப முடியாமல் நின்றது.

பதினைந்து விநாடி போனது. இருபது போனது.

வேதவல்லி கையை நீட்டிச் சாமியிடம் போனைக் காட்டினாள்.

"பாருங்க சாமி. மறுபடியும் ஹேங் ஆயிடுச்சு."

சாமி குனிந்து பார்த்தார்.

"இல்லை வேதாம்மா. அவங்களுக்குப் பின்னாடி ஃபேன் சுத்துது."