குதிரைக்குப் பிடிப்பு வந்த கதை

மேட்டுப்பேட்டையில் குதிரை வண்டி ஒன்றே ஒன்றுதான். அதற்கு முதலாளிகள் மூன்று பேர். அங்குசாமியிடம் குதிரை இருந்தது, தொட்டியப்பனிடம் வண்டி இருந்தது, மொக்கச்சாமியிடம் சாட்டை இருந்தது. இதெல்லாம் தனித்தனியாக இருந்தவரை ஊர் நிம்மதியாகத்தான் இருந்தது.

தன் சொத்தை அடுத்தவனை நம்பி விட முடியாது என்பதால் எந்தச் சவாரிக்கும் மூவரும் ஏறிக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் ஒரே ஒரு ஆள் உட்காரலாம், அதுவும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால். மொக்கச்சாமிக்கு வலது காலில் ஆணி. காலை மடக்கினால் வலிக்கும் என்று அதை அந்த ஒரு ஆளின் மடியில் நீட்டிவிடுவான்.

கீழே ரயில் நிலையம், மேலே ஊர். நடுவில் கல் பாவிய செக்கடி ஏற்றம். இரண்டு பக்கமும் எண்ணெய்ச் செக்குகள். ஆட்டிய எண்ணெயில் பாதி ஊருக்குப் போனது, மீதி ரோட்டுக்குப் போனது. லேசாகத் தூறல் போட்டால் போதும், அந்தக் கல்லில் ஈ உட்கார்ந்தால்கூட வழுக்கும்.

அப்படி ஒரு தூறலில்தான் ஏட்டு பொன்னுரங்கத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி ஏற்றத்தில் குதிரையின் நாலு காலும் நாலு திசைக்குப் போயின. ஏட்டு பறந்துபோய்ப் புண்ணாக்குக் குவியலில் விழுந்தார். எழுந்து நின்றபோது மீசை எது, புண்ணாக்கு எது என்று தெரியவில்லை. அந்தப் பக்கமாக வந்த எருமை ஒன்று அவரை ஆசையாக முகர்ந்து பார்த்தது.

"டேய்!" என்று கத்தினார் ஏட்டு. "வர்ற வெள்ளிக்கிழமை என் மக கல்யாணத்துக்கு மாப்பிள்ளை நாலு மணி ரயில்ல வர்றாரு. குதிரை வண்டியிலதான் மண்டபத்துக்கு வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஊர்ல வேற வண்டி இல்லாம உங்கள நம்பித் தொலைக்க வேண்டியிருக்கு. அன்னைக்கு மட்டும் இந்தக் குதிரை சறுக்கிச்சு, அப்புறம் உங்க வண்டி ஸ்டாண்டுல நிக்காது. மூணு பேருக்கும் லாடம் கட்டிருவேன், சொல்லிட்டேன்!"

ஏட்டு போனபிறகு மூவரும் ரோட்டோரம் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பாவம்ணே, மாப்பிள்ளைக்கு ஒரு காலுதான் போலருக்கு" என்றான் தொட்டியப்பன்.

"அதான் வண்டி கேக்குறாரு. எத்தன தூரம் நொண்டிக்கிட்டே வருவாரு?" என்றான் மொக்கச்சாமி.

"அது கெடக்கட்டும்ப்பா. நமக்கு எதுக்கு லாடம் கட்டுறேங்கிறாரு?" என்றான் தொட்டியப்பன்.

மூவரிலும் மூத்தவனான அங்குசாமி விளக்கம் சொன்னான். "நல்ல மனுசன்டா அவரு. குதிரைக்கு லாடம் கட்டுறவன் ஊர்ல உண்டு. மனுசனுக்குக் கட்டுறேன்னு யாராச்சும் இதுவரைக்கும் சொல்லியிருக்கானா? ஆனா நமக்கெதுக்கு அது? நாம என்ன சறுக்கவா செய்யுறோம்? ஸ்டாண்டைக் காப்பாத்துற வழியைப் பாருங்கடா."

மூன்று வீட்டு அடுப்பும் அந்த ஒரு குதிரையை நம்பித்தான் எரிந்தன. ஸ்டாண்டு போனால் அங்குசாமி வெறும் குதிரையையும், தொட்டியப்பன் வெறும் வண்டியையும், மொக்கச்சாமி வெறும் சாட்டையையும் வைத்துக்கொண்டு எங்கே போவார்கள்?

மறுநாள் காலையில் லாடக்கார மீராசாவிடம் குதிரையை ஓட்டிப்போனார்கள். அவர் சந்தைக்குக் கிளம்பி ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்தார். குதிரையின் குளம்பை ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

"பிடிப்பே இல்லப்பா. பிடிப்பு இல்லாமப் போனா சறுக்கத்தான் செய்யும். வியாழக்கிழமை வாங்க, ஏதாச்சும் பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"குதிரைக்குப் பிடிப்பு இல்லையாமே?" என்றான் தொட்டியப்பன்.

"அவர் சொல்றது சரிதான்" என்றான் அங்குசாமி. "போன வருசம் எனக்கு ஆறு மாசம் இடுப்புல பிடிப்பு இருந்துச்சு. ஒரு தடவையாச்சும் நான் சறுக்கினேனா?"

"நீ எந்திரிச்சே நிக்கலையேண்ணே."

"அதைத்தான்டா நானும் சொல்றேன்."

குதிரைக்கு இடுப்பு எது என்று மூவரும் தேடினார்கள். முதுகும் வயிறும் கிடைத்தன, இடுப்பு அகப்படவில்லை. அப்போதுதான் மொக்கச்சாமிக்கு ஒரு ஞாபகம் வந்தது.

"அண்ணே, எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் வாழ்க்கையில பிடிப்பே இல்லாம ஊர் ஊராத் திரிஞ்சான். பெரியவங்க கூடிப் பேசி, இவனுக்கு ஒரு கால்கட்டு போட்டாச் சரியாப் போகும்னாங்க. போட்டாங்க. அன்னையிலருந்து ஆளு வீட்டைவிட்டு அசையலையே!"

"ஏன்டா இதை நேத்தே சொல்லல?" என்றான் அங்குசாமி.

கயிறு வாங்கிவந்து குதிரைக்குக் கால்கட்டு போட்டார்கள். முன்னங்கால் இரண்டும் சேர்த்து ஒரு கட்டு, பின்னங்கால் இரண்டும் சேர்த்து ஒரு கட்டு. செக்கடி ஏற்றத்தின் அடியிலேயே நிறுத்தி, சோதனைக்காகக் கல்லில் ஒரு படி எண்ணெயையும் ஊற்றிப் பார்த்தார்கள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை குதிரை ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே ஒரு குறை, குதிரை நடக்கவும் இல்லை.

"முதல்ல பிடிப்பு வரட்டும். நடை தானா வரும்" என்றான் அங்குசாமி. மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பிடிப்பு அவ்வளவு கெட்டியாக வந்துவிட்டது என்று மூவரும் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மீராசாவே அந்தப் பக்கம் வந்தார். கட்டிப்போட்ட குதிரையைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"பிடிப்பு குதிரைக்கு இல்லைன்னா சொன்னேன்? லாடத்துக்குய்யா, லாடத்துக்கு! தேஞ்சு கண்ணாடி மாதிரி கெடக்கு!"

மனுஷர் கோபக்காரரே தவிர கைவேலைக்காரர். கட்டை அவிழ்த்துக் குதிரையைத் தன் பட்டறைக்கு ஓட்டிப்போனார். குளம்புக்கும் இரும்புக்கும் நடுவில் பழைய லாரி டயரை வெட்டி மெத்தை மாதிரி வைத்தார். லாடத்தின் அடியில் கடலைப் பருமனுக்குக் குமிழ் குமிழாக இரும்பைத் தட்டி நிறுத்தினார். ஆணித் தலைகளையும் கொஞ்சம் துருத்திக்கொண்டு இருக்கும்படி அடித்தார். பிறகு அடுப்பங்கரையிலிருந்து விளக்கெண்ணெய் எடுத்துவந்து கல்லில் கொட்டி அதன்மேல் குதிரையை நடக்கவிட்டார். வீட்டுத் தரையில் நடப்பதுபோல் நடந்தது.

"இனி எந்த ரோட்டுலயும் சறுக்காது, நான் பொறுப்பு. ஆனா அந்தக் குமிழ் தேஞ்சா பழைய கதைதான். தேயாமப் பாத்துக்குங்க" என்றார்.

அவர் சொன்னதை மூவரும் மனதில் வாங்கிக்கொண்டார்கள். அங்கேதான் வினை.

பட்டறையிலிருந்து வீடுவரை தங்கள் வேட்டிகளை மாற்றி மாற்றி விரித்து அதன்மேலேயே குதிரையை நடத்திக் கொண்டுபோனார்கள். வீடு வந்ததும் அங்குசாமி இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினான்.

"லாடம் எதனாலடா தேயுது?"

"ரோட்டுனால."

"ரோடு நம்ம வீட்டுக்கு வந்தா தேய்க்குது? குதிரை நடந்து போறதுனாலதானே தேயுது?"

"அப்ப குதிரை நடக்கக்கூடாதுண்ணே."

"நடக்காம மாப்பிள்ளையை எப்படிப்பா கூட்டிட்டு வர்றது?" என்றான் மொக்கச்சாமி.

தொட்டியப்பன் அவனை ஏளனமாகப் பார்த்தான். "வண்டின்னு ஒண்ண எதுக்கு வச்சிருக்கேன்? நடக்காமப் போறதுக்குத்தானே?"

இவ்வளவு எளிதாக முடியும் என்று மூவருமே எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணி. சொல்லிவைத்தாற்போல் தூறல். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் நிலையத்துக்கு வெளியே தயாராக நின்றார்கள். வண்டியின் கூண்டைக் கழற்றிவிட்டு, பலகை போட்டுக் குதிரையை மேலே ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அதன் கழுத்தில் ஒரு மாலை. மூவரின் வேட்டியிலும் லாடம் லாடமாக ஓட்டைகள்.

ரயிலிலிருந்து மாப்பிள்ளை தாமோதரன் பட்டு வேட்டியோடு இறங்கினார், இரண்டு காலில்.

"அண்ணே! ரெண்டு இருக்கு!" என்று பதறினான் தொட்டியப்பன்.

"நல்லா எண்ணிப் பாரு."

"ரெண்டுதாண்ணே! ஏட்டய்யாவை நல்லா ஏமாத்திட்டாங்க!"

"சரி விடுடா. குறைஞ்சாத்தான் தப்பு. ஒண்ணு கூடுதலா இருக்குறதுக்கு யாரு கேக்கப்போறா?" என்று அங்குசாமி சமாதானம் சொன்னான்.

மாப்பிள்ளை வண்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "நான் குதிரை வண்டியில்ல கேட்டேன்?"

"ஆமா மாப்பிள்ளை. வண்டியில குதிரை இருக்கு பாருங்க. ஏறுங்க, அது ஒண்ணும் செய்யாது. பின்னால நகரச் சொல்லட்டுமா?"

ரயில் போய்விட்டது, வேறு வண்டியும் கிடையாது. மாப்பிள்ளை குதிரையின் முன்னங்கால்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார். அங்குசாமியும் தொட்டியப்பனும் ஆளுக்கொரு பக்கம் ஏர்க்காலைப் பிடித்தார்கள். நடுவில் மொக்கச்சாமி நின்று ஒரு கையால் இழுத்தான், மறுகையால் மூவர் முதுகிலும் மாறி மாறிச் சாட்டையை வீசினான். மேளம் முழங்க வண்டி ஏற்றத்தில் ஏறியது. முன்னால் போன நாதஸ்வரக்காரர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு அவருக்கு ஊத வரவில்லை.

முக்கால்வாசி ஏறியாகிவிட்டது. மண்டபத்து வாழைமரம்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது தொட்டியப்பனின் கால் வழுக்கியது. அவன் அங்குசாமியைப் பிடித்தான், அங்குசாமி மொக்கச்சாமியைப் பிடித்தான், மொக்கச்சாமி சாட்டையைப் பிடித்தான். மூவரும் குப்புற விழுந்தார்கள். ஆனால் ஒருவரும் ஏர்க்காலை விடவில்லை. வண்டி பின்பக்கமாகக் கிளம்பியது. மூவரும் வயிற்றால் ரோட்டைத் துடைத்துக்கொண்டே கூடப் போனார்கள்.

"ஐயோ! அம்மா!" என்று மாப்பிள்ளை குதிரையின் காலை இறுகக் கட்டிக்கொண்டார். இத்தனை நாள் எல்லோரும் தேடிய பிடிப்பு அவருக்குத்தான் வந்தது. குதிரையோ மீராசா அடித்த லாடத்தைப் பலகையில் ஊன்றி, கோயில் சிலைபோல அசையாமல் நின்றது. போகிற வழியில் ஒரு செக்கைக் குனிந்து வேடிக்கை பார்த்தது. வண்டி புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

மாப்பிள்ளைக்கு உயிருக்கு ஒன்றுமில்லை, இறங்கும்போது கணுக்கால் மட்டும் சுளுக்கிக்கொண்டது. தவில்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலால் தாவித் தாவி, பக்கத்துப் படிக்கட்டு வழியாக மண்டபத்துக்குப் போனார்.

ரோட்டில் கிடந்தபடியே அங்குசாமி தலையைத் தூக்கிப் பார்த்தான். "பாத்தியாடா? ஒத்தக்கால்தான்! ஏட்டய்யா சொன்னா தப்பா இருக்குமா?"

அன்று சாயங்கால முகூர்த்தத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒற்றைக்காலில்தான் நின்றார். கல்யாணம் ஒருவழியாக முடிந்தது.

சனிக்கிழமை காலையில் ஏட்டு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஸ்டாண்டைக் காலி செய்யச்சொல்லிக் காகிதம் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புது மாப்பிள்ளை காலுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார். அவர்கள் ஆள் அனுப்புவதற்கு முன்பே மூவரும் வந்து கும்பிட்டு நின்றார்கள்.

"ஐயா, ஸ்டாண்டை எடுத்துராதீங்கய்யா. குதிரை சறுக்கினாத்தானே எடுப்பேன்னு சொன்னீங்க? அது சறுக்கலைங்க. மாப்பிள்ளையையே கேட்டுப் பாருங்க" என்றான் அங்குசாமி.

ஏட்டு மருமகனைப் பார்த்தார். மருமகன் பொய் சொல்லாத மனுஷர்.

"அது உண்மைதான் மாமா. குதிரை ஒரு நூல்கூட நகரலை. அதைப் பிடிச்சுக்கிட்டதாலதான் நான் பொழைச்சேன்."

எழுதிய காகிதத்தை ஏட்டு கிழித்துப் போட்டார். "ஸ்டாண்டு இருக்கட்டும். கண்ணு முன்னால நிக்காம போங்கடா!"

மூவரும் போகவில்லை. அங்குசாமி தோளில் தொங்கிய சாக்குப்பையை அவிழ்த்து மேஜைமேல் கவிழ்த்தான். கணகணவென்று ஆறு லாடங்கள் விழுந்தன. எல்லாம் அடியில் குமிழ் வைத்த புது லாடங்கள்.

"என்னடா இது?"

"சறுக்கினது நாங்கதாங்கய்யா. மூணு பேருக்கும் லாடம் கட்டுறேன்னு அன்னைக்கே சொன்னீங்க. அப்ப எங்களுக்குப் புரியல. நீங்க எவ்வளவு முன்கூட்டி யோசிச்சிருக்கீங்கன்னு நேத்து ரோட்டுல போகும்போதுதான் தெரிஞ்சது. ஆளுக்கு ரெண்டு, மீராசா பாய்கிட்ட அடிச்சு வாங்கிட்டு வந்துட்டோம்."

மூவரும் வரிசையாக பெஞ்சில் குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கி உள்ளங்காலைக் காட்டினார்கள்.

ஏதோ நினைவு வந்தவனாக அங்குசாமி மட்டும் தலையைத் திருப்பினான்.

"ஐயா, மொக்கச்சாமிக்கு வலது காலுக்கு லாடம் மட்டும் போதுங்க. ஆணி அவன் கால்லயே இருக்கு."