கொடுக்காத விரதம்

“ஒரு விரதம் கொடுங்கம்மா. எவ்வளவு கடுமையா இருந்தாலும் சரி. இதுதான் கடைசி.”

பூவலிங்கம் நின்றுகொண்டேதான் கேட்டார். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும்.

கோமதியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“கடைசின்னா, இதுக்கு முன்னால எத்தனை?”

பூவலிங்கம் பெருமூச்சு விட்டார். கொள்ளுக்கஞ்சி மட்டும் குடித்துக் கிடந்த ஒரு மண்டலம். ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்ட ஒரு வருஷம். உப்பில்லாமல், புளியில்லாமல், அரிசியைக் கண்ணால் பாராமல் என்று எத்தனையோ. செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டது, சங்கரன்கோவில் அம்பாளுக்கு நேர்ந்துகொண்டது.

“ஒவ்வொரு தடவையும் குறைஞ்சதும்மா. பொய் சொல்லலை. போகும்போது சதை தனியாத்தான் போச்சு. திரும்பி வரும்போது சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்துருச்சு.”

அம்மை சிரிக்கவில்லை. அந்தக் கதை அவருக்குத் தெரியும் போலிருந்தது.

பூவலிங்கத்துக்கு உள்ளுக்குள் ஏமாற்றம். மலை மாதிரி இருந்த உடம்பைக் கரைத்த ஒரு அம்மா ஆற்றங்கரை மடத்தில் இருக்கிறார், போய்ப் பாரும் என்று சொல்லித்தான் ஊரில் வண்டி ஏற்றிவிட்டார்கள். கொடி மாதிரி ஒருவரை எதிர்பார்த்து வந்தார். இங்கே இருப்பவரோ அவர் வயசுக்காரர்தான், நல்ல பருமன். வண்டிக்காரன் அதற்குள் மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

“கேக்கேன்னு தப்பா நினைக்கக் கூடாது. நீங்க எவ்வளவு குறைஞ்சீங்க?”

“இங்க வந்தப்போ இந்த வாசல்ல பக்கவாட்டிலதான் நுழைய முடிஞ்சது. இப்போ நேரா வாரேன், நேரா போறேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அம்மை ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

“உங்களுக்கு எவ்வளவு குறையணும்?”

“பாதி. தை மாசத்துக்குள்ள.”

“எந்தப் பாதி?”

பூவலிங்கம் குனிந்து தன் உடம்பை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார்.

*

அவர் தவசுப்பிள்ளை. சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர் கைச் சமையல்தான். ஆனி மாதம் ஒரு கல்யாண வீட்டில் பிரதமன் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தபோது மூச்சு முட்டி அடுப்படியிலேயே சரிந்துவிட்டார். உருளிக்குள் விழாமல் ஓரமாக விழுந்தது யார் செய்த புண்ணியமோ. ஆள் கூடித் தூக்கினார்கள். தூக்கும்போது பின்னால் யாரோ சிரித்ததும் அவர் காதில் விழுந்தது.

வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, “இந்த உடம்பை இந்த நெஞ்சு ரொம்ப காலம் சுமக்காது” என்றார்.

தையில் மகள் வடிவுக்குக் கல்யாணம். அன்றைக்கு அடுப்படியில் அவர் நிற்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு வேறொருத்தன் வந்து பிரதமன் வைப்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மை சொன்னார்.

“நாளையிலிருந்து மடத்துச் சமையலை நீங்க பாருங்க.”

“அடுப்பை விட்டுத் தப்பிச்சு வந்திருக்கேம்மா.”

“ஊருக்குத் திரும்பினா அங்க அடுப்பு இருக்காதா?”

“அப்போ விரதம்?”

“முதல்ல சமைங்க.”

*

மடத்தில் இருப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் மறுநாள் பூவலிங்கம் சமைத்தார். சாப்பிட்டவர்கள் இலையை வழித்தார்கள். எல்லாரும் எழுந்த பிறகு அம்மை அடுக்களைக்கு வந்தார்.

“நீங்க சாப்பிட்டாச்சா?”

“எங்கம்மா? காலையிலிருந்து உட்காரவே இல்லை.”

“நின்னுக்கிட்டு என்ன சாப்பிட்டீங்க?”

பூவலிங்கம் யோசித்தார். பதம் பார்த்த வடை. அது சரியாக இருக்கிறதா என்று இன்னொன்று. உள்ளங்கையில் ஊற்றிக் குடித்த பாயசம், திரும்பத் திரும்ப. உருளியின் அடியில் ஒட்டியதை வழித்துத் தின்றது. அப்பளத் தூள்.

சொல்லச் சொல்ல அவருக்கே சலிப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக இப்படித்தான். நாள் முழுக்கத் தின்றிருக்கிறார். இலை போட்டு ஒரு வேளை சாப்பிட்டதாக நினைவில்லை.

“நாளைக்கு உட்கார்ந்து சாப்பிடுங்க” என்றார் அம்மை.

“அப்புறம்?”

“இன்னிக்குச் சாயங்காலம் ஆத்துக்குப் போய்த் தண்ணி எடுத்துட்டு வாங்க.”

பூவலிங்கம் பெரிய குடத்தை எடுத்தார். அம்மை அதை வாங்கி வைத்துவிட்டு ஒரு செம்பைக் கொடுத்தார்.

“என்னம்மா, கேலி பண்ணுதீங்களா?”

“நாளைக்கும் போகணும்ல.”

*

ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. புரட்டாசியும் போயிற்று. முக்காலியில் உட்கார்ந்து, எதிரே பலகையில் இலை போட்டுச் சாப்பிட்டார். கரண்டி நுனியில் உப்புப் பார்த்தார். சில நாள் மறந்து உள்ளங்கையை நீட்டினார். செம்பு குடமாயிற்று. ஆற்றிலிருந்து வரும் வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியவர், பிறகு ஒரு இடத்தில் நின்றார்.

ஒரு நாள் அரைஞாண் கயிற்றுக்குள் விரலை விட்டுக் காட்டினார்.

“ஒரு விரல் நுழையுதும்மா.”

“ம்.”

“ஒரு விரல்தான் நுழையுது.”

“முன்னால?”

“முன்னால சதைக்குள்ள புதைஞ்சு கிடந்தது.”

அம்மை முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசியில் அந்த விரலோடு நின்றுவிட்டது. மழை வலுத்த ஒரு மத்தியானம் பூவலிங்கம் புலம்பினார்.

“ஒரு மாசமாச்சும்மா. இம்மியும் குறையலை.”

“ஏறுச்சா?”

“ஏறலை.”

“இதுக்கு முன்னால எப்பவாவது ஏறாம இருந்திருக்கா?”

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூவலிங்கம் எழுந்து போய் அதன் கீழே ஒரு பாத்திரத்தை வைத்தார்.

*

கார்த்திகைத் தீபத்தன்று அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து அப்பமும் பொரியுருண்டையும் மடத்துக்கு வந்து குவிந்தன. எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பூவலிங்கம் மட்டும் அடுக்களையில் இருந்தார். வடிவின் கல்யாணத்தை நினைத்தார். விரலை விட்டுப் பார்த்தார். அதே ஒரு விரல். தைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று நினைத்தார். நெய்யும் வெல்லமும் கலந்த வாசனை.

ஒரு அப்பத்தைப் பிட்டு வாயில் போட்டார். பிறகு அவர் எதையும் நினைக்கவில்லை. தட்டு காலியானதைக் கை தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

பழைய களைப்பு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. அவருக்கு நன்றாகப் பழகின களைப்பு. இதற்கு அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்கு மனப்பாடம்.

மறுநாள் காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அம்மை முன்னால் வந்து நின்றார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“விரதம் முறிஞ்சுபோச்சும்மா.”

“எந்த விரதம்?”

“நீங்க கொடுத்த...”

பூவலிங்கம் நிறுத்தினார். வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

“நான் எதுவும் கொடுக்கலையே” என்றார் அம்மை.

“ஒரு தட்டு அப்பத்தையும் தின்னுட்டேம்மா. நின்னுக்கிட்டே.”

“முந்தாநாள் உட்கார்ந்து சாப்பிட்டீங்கல்ல?”

“ஆமா.”

“ஐப்பசி முழுக்க?”

“ஆமா.”

“நேத்து தின்ன அப்பம் அதையெல்லாம் என்ன செஞ்சது?”

பூவலிங்கம் மூட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“அடுக்களையில தண்ணி இல்லை” என்று சொல்லிவிட்டு அம்மை உள்ளே போனார்.

*

மார்கழிக் கடைசியில் ஊரிலிருந்து வண்டி வந்தது. அரைஞாண் கயிற்றுக்குள் இரண்டு விரல் நுழைந்தது. மூன்றாவதை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

“பாதி ஆகலையேம்மா” என்றார். கண் கலங்கியிருந்தது. “பாதியில பாதிகூட ஆகலை. தை வந்துருச்சு.”

“கல்யாணத்தன்னிக்கு என்ன செய்யப் போறீங்க?”

“பிரதமன் மட்டும் நான் கிண்டுதேன். மத்ததை மச்சினன் பாத்துக்குவான். பக்கத்துல ஒரு முக்காலி போட்டுக்கிடுவேன்.”

“மறுநாள்?”

“மறுவீட்டுச் சாப்பாடு. சொதி வைக்கணும். தேங்காய்ப்பால் எடுக்க ஆள் சொல்லியாச்சு.”

“அதுக்கு மறுநாள்?”

பூவலிங்கம் அம்மையின் முகத்தைப் பார்த்தார்.

விரதம் விரதமாக எடுத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாளை எண்ணி எண்ணித்தான் பட்டினி கிடந்திருக்கிறார். அதற்கு மறுநாளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அவரும் நினைத்ததில்லை.

வண்டிக்காரன் குரல் கொடுத்தான். அம்மை புடைத்து வைத்திருந்த உளுந்தைப் பானையில் கொட்டத் தொடங்கினார்.

*

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

பூவலிங்கம் பிரதமன் கிண்டினார். நடுவில் மூச்சு வாங்கியபோது சட்டுவத்தை மச்சினன் நெல்லையப்பனிடம் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். பார்த்தவர்களில் சிலர், பிள்ளைவாள் இளைத்துவிட்டார் என்றார்கள். சிலர், எங்கே இளைத்தார், அப்படியேதான் இருக்கிறார் என்றார்கள். இரண்டும் அவர் காதில் விழுந்தன. பாலை ஊற்றுகிற நேரம் என்பதால் எழுந்து போனார்.

மறுவீட்டுச் சொதிக்கும் குறைவில்லை. சாயங்காலம் வடிவு அழுதுகொண்டே வண்டி ஏறினாள்.

அதற்கு மறுநாள் வீடு வெறிச்சென்று இருந்தது. பந்தல்காரர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் கூடை கூடையாக லட்டும் முறுக்கும் மிஞ்சிக் கிடந்தன. உடம்பெல்லாம் வலித்தது. பூவலிங்கம் வாய்க்கால் வரை நடந்து போய்த் திரும்பினார். கை கழுவிவிட்டு இலைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார்.

மனைவி உலகம்மாள் சோறு வைத்தாள். ரசம் ஊற்றினாள். பிறகு கூடையிலிருந்து இரண்டு கையிலும் லட்டை அள்ளிக்கொண்டு வந்தாள். அவர் ஒன்றை எடுத்து இலையோரம் வைத்துக்கொண்டு, போதும் என்று கை காட்டினார்.

உலகம்மாள் நகரவில்லை. ஆறு மாதமாக அவர் இல்லாத வீட்டில் இருந்தவள். கல்யாண வேலையில் முகம் கறுத்துப்போயிருந்தது.

“இன்னிக்காவது வயிறாரச் சாப்பிடுங்களேன்” என்றாள். “அதான் கல்யாணம் முடிஞ்சிருச்சே.”

பூவலிங்கம் சோற்றைப் பிசைந்தார்.

“கல்யாணம்தான் முடிஞ்சிருக்கு. நான் இருக்கேன்ல.”